தேன் தராத தேனீயும் கொட்டாத குளவியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

தேனீ என்றதும் நமக்குத் தேன் நினைவுக்கு வருகிறது. குளவி என்றதும் கை தானாகவே முகத்தை மறைத்துக்கொள்கிறது. தேனீயைப்போல் உழைக்க வேண்டும் என்று பள்ளியில் கட்டுரை எழுதாதவர் நம்மில் யார்? குளவியைப்போல் உழைக்க வேண்டும் என்று எந்த ஆசிரியராவது நமக்குச் சொன்னதுண்டா? ஒன்றுக்கு நற்பெயரும் மற்றொன்றுக்குக் கெட்ட பெயரும் வந்தது நியாயந்தானா என்று நான் எண்ணிப் பார்க்க நேர்ந்தது, நான் போட்ட ஒரு கையெழுத்தினால். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் விலங்கியல் துறைக் கட்டடத்திற்கும் சைக்கிள் கொட்டகைக்கும் நடுவே வெற்றுத் தரை ஒன்று இருக்கிறது. நீளம் 40 அடி இருக்கும். அகலம் 6 அடி. காலைமுதல் நண்பகல்வரை நல்ல வெயில். இறுகிய செம்மண் ஆகையால் புல்கூட அங்கே ஏனோதானோ என்றுதான் முளைக்கும். சென்ற ஆண்டு ஜூலையில், நான் கல்லூரியில் சேர்ந்த புதிதில், அந்தத் தரையெங்கும் பென்சில் நுழையும் அளவுக்குத் துளைகள் தோன்றின. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் சிறு மண்குவியல். அவற்றின்மேல் பூச்சிகள் முழங்கால் உயரத்தில் தாழப் பறந்து திரிந்தன. கொட்டகைக்குப் போக அந்த வழியைத் தவிர வேறு வழியில்லை. நாங்கள் அஞ்சினோம். ‘குளவிகளை உடனே அகற்றித் தர வேண்டும்’ என்று ஒரு மனு எழுதப்பட்டது. அதில் ஒன்பதாவது கையெழுத்து என்னுடையது.

மூன்றாம் நாள் மாலை பூச்சிமருந்துத் தூள் தூவினார்கள். நான்காம் நாள் காலை நான் சீக்கிரம் வந்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பேருந்து அந்த நேரத்தை விட்டால் பிறகு பத்தரைக்குத்தான். தரையில் பூச்சிகள் மல்லாந்து கிடந்தன. எண்ணினேன். 31 இருந்தன. பெரும்பாலானவற்றின் பின்னங்கால்களில் மஞ்சள் தூள் அப்பியிருந்தது. மருந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, குச்சியால் ஒன்றைத் தாளில் தள்ளி எடுத்துக்கொண்டு போய்த் துறையில் ஒரு பேராசிரியையிடம் காட்டினேன். அவர் கைவில்லையால் பார்த்துவிட்டு, “இது மருந்தில்லை அம்மா, மகரந்தம். இவை குளவிகள் அல்ல, தேனீக்கள்” என்றார். மற்றவற்றையும் கொண்டு வரச்சொன்னார். பிரித்து வைத்தோம். 27 தேனீக்கள். 4 குளவிகள்.

குளவியை அகற்ற மனுக் கொடுத்து 27 தேனீக்களைக் கொன்றிருந்தோம்! அன்று நான் சாப்பிடவில்லை. ஆனால் இந்தக் கட்டுரையை நான் எழுதுவது அந்த 27-க்காக மட்டும் அன்று. அன்றைக்கு எனக்கு அந்த 4 குளவிகள்மேல் சிறிதும் இரக்கம் பிறக்கவில்லை. ‘நாலாவது சரியாகச் செத்ததே’ என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்தது பிழை என்பதுதான் இன்றைய என் கருத்து.

தேனீ மண்ணுக்குள் குடியிருக்குமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். நமக்குத் தெரிந்த தேனீ மலைத்தேனீயும், பொந்தில் அடுக்கு வைக்கும் தேனீயும், பெட்டியில் வளர்க்கும் இத்தாலியத் தேனீயுந்தான். உலகில் ஏறத்தாழ 20,000 வகைத் தேனீக்கள் உள்ளன. அவற்றில் தேனடை கட்டித் தேன் சேமிப்பவை மிகச் சிலவே. பெரும்பாலானவற்றுக்கு அரசியும் இல்லை, வேலைக்காரியும் இல்லை, கூட்டமும் இல்லை. ஒவ்வொரு பெண்ணும் தனியாகவே வாழ்ந்து, தனியாகவே மண்ணைத் தோண்டி, தனியாகவே பிள்ளைக்கு உணவு தேடி வைக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் நூறு துளைகள் இருக்கலாம். அது தெருவே தவிரக் கூட்டுக்குடும்பம் அன்று. குளவிகளிலும் அப்படியே. நம்மைத் துரத்தும் கூட்டுக் குளவிகள் சில. தனித்து வாழ்பவையே மிகுதி.

வேடிக்கை என்னவென்றால், முதல் பருவச் செய்முறைத் தேர்வில் தேனீயின் வாயுறுப்புகளைக் கண்ணாடித் தகட்டில் பொருத்திக் காட்டி நான் 10-க்கு 9 வாங்கியவள். தகட்டில் தேனீயைத் தெரிந்தவளுக்குத் தரையில் தெரியவில்லை. இது எனக்கு மட்டும் நேர்ந்த குறையா, நம் பாடத்திட்டத்தின் குறையா என்பதை நண்பர்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அதன்பின் எப்படியோ எனக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. பேருந்து முன்னதாகக் கொண்டுவந்து விட்டுவிடுவதால் வகுப்பு தொடங்க முக்கால் மணி நேரம் இருக்கும். அந்த நேரத்தில் கட்டடப் படியில் உட்கார்ந்து தரையைப் பார்க்கத் தொடங்கினேன். மருந்துக்குத் தப்பியவையும், பிறகு பொரித்து வந்தவையுமாக மழைக்குப்பின் மறுபடியும் துளைகள் வந்துவிட்டன. ஓராண்டாகப் பார்த்து வருகிறேன். என் தோழியர் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை.

தேனீயை முதலில் சொல்கிறேன். நம் தரையில் மிகுதியாக இருப்பது நோமியா என்னும் இனம். வயிற்றின் குறுக்கே முத்துச்சிப்பியின் உட்புறம்போல் மின்னும் பட்டைகள் இருக்கும். தோண்டுகிற நாளில் பின்புறமாக வந்து மண்ணைத் தள்ளிவிட்டு உள்ளே போகும். கீழே என்ன நடக்கிறது என்பதை நூலகத்தில் படித்துத்தான் அறிந்தேன். செங்குத்தாக ஒரு சுரங்கம். அதிலிருந்து சிறு அறைகள். அறையின் சுவரைத் தாய் வழவழப்பாக்கி, வயிற்றின் நுனியிலுள்ள சுரப்பியிலிருந்து வரும் நீரால் பூசி, ஈரம் புகாதபடி செய்கிறது. பிறகு பூவுக்கும் வளைக்குமாக நடை. பின்னங்கால் நிறைய மகரந்தம், வயிறு நிறையப் பூந்தேன். இரண்டையும் பிசைந்து உருண்டையாக்கி, அதன்மேல் ஒரே ஒரு முட்டையிட்டு அறையை மூடிவிடும். பிறகு அடுத்த அறை. முட்டையிலிருந்து வரும் புழு அந்த உருண்டையைத் தின்றே வளரவேண்டும். அது இறக்கை முளைத்து வெளியே வரும்போது பெரும்பாலும் தாய் உயிரோடு இருப்பதில்லை.

இனிக் குளவி. அந்த நான்கில் இரண்டு, ஸ்பெக்ஸ் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. கரிய உடல், ஒடுங்கிய இடை, ஒரு விரல்கணு நீளத்துக்குக் குறையாது. பார்த்தாலே பயம் வரும்; ஒப்புக்கொள்கிறேன். இதுவும் பெண்தான் தோண்டுகிறது, இதுவும் தனியாகத்தான். தோண்டும்போது முன்கால்களால் மண்ணை வாரி, வயிற்றுக்கு அடியில் பின்னால் இறைக்கும். எங்கள் வீட்டு நாய் சாம்பல்மேட்டைப் பறிப்பது அப்படியே இருக்கும். பிறகு வேட்டை. நீண்ட உணர்கொம்புள்ள பச்சை வெட்டுக்கிளியைத் தேடிப் பிடித்துக் கொட்டுகிறது. வெட்டுக்கிளி சாவதில்லை, நரம்பு செயலற்றுக் கிடக்கிறது. செத்தால் அழுகிவிடும் அல்லவா? உயிரோடு அசையாமல் கிடந்தால்தான் புழுவுக்கு நாள்பட உணவாகும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இறைச்சியைக் கெடாமல் வைக்க இதைவிட வழி உண்டா!

வளையின் வாயருகே வெட்டுக்கிளியை வைத்துவிட்டுக் குளவி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரும். பிறகு தலையை நீட்டி, வெட்டுக்கிளியின் கொம்பைப் பற்றி உள்ளே இழுக்கும். பிரான்சு நாட்டில் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்து, பள்ளி ஆசிரியராக இருந்து, பூச்சிகளைப் பார்ப்பதையே வாழ்வாகக் கொண்ட ழான் ஆன்றி ஃபாபர் இதை நுட்பமாக எழுதியிருக்கிறார். அவருடைய பூச்சியியல் நூலின் பத்துத் தொகுதிகளுள் முதலாவது 1879-இல் வெளிவந்தது. குளவி உள்ளே போயிருக்கும்போது இரையைச் சற்றுத் தள்ளி வைத்தார். குளவி வெளியே வந்து, தேடி, மறுபடி வாயருகே இழுத்து வைத்துவிட்டு, மறுபடியும் உள்ளே போய்ப் பார்த்தது! மறுபடி தள்ளினார். மறுபடி அதையே செய்தது. நாற்பது முறை செய்தாராம். நாற்பது முறையும் அப்படியே. குளவிக்கு அறிவில்லை என்பதற்கு இதையே பலர் சான்று காட்டுவார்கள். வேறோர் இடத்துக் குளவிகளிடம் அதே சோதனையை அவர் செய்தபோது, இரண்டு மூன்று முறைக்குப்பின் அவை உள்ளே போய்ப் பாராமலே இரையை நேராக இழுத்துச் சென்றன என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். அதைச் சொல்வார் குறைவு.

நானும் நம் தரையில் செய்து பார்த்தேன். ஊதுபத்திக் குச்சியால் வெட்டுக்கிளியை நாலு விரற்கடை தள்ளி வைத்தேன். குளவி வந்து சுற்றிச் சுற்றித் தேடி, இழுத்து வந்து வைத்து, உள்ளே போயிற்று. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அது தேடுகிறபோது எனக்கு என்னவோ போலாகிவிட்டது. குச்சியைப் போட்டுவிட்டேன். ஃபாபரின் பொறுமை எனக்கு இல்லை; அறிவியலுக்கு அது குறைதான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே தரை. ஒரே மாதிரித் துளை. தனியே உழைக்கும் ஒரு தாய். ஓர் அறைக்கு ஒரு முட்டை. வேறுபாடு எங்கே? உள்ளே எதை எடுத்துச் செல்கிறது என்பதில்தான். தேனீ மகரந்தம் கொண்டு போகிறது. குளவி புலால் கொண்டு போகிறது. வளர்ந்த குளவிக்கு அந்தப் புலால் வேண்டியதுகூட இல்லை. அது பூவில் தேன் குடித்தே உயிர் வாழ்கிறது. வேட்டை முழுவதும் பிள்ளைக்கு.

இந்த ஒற்றுமை தற்செயலானது அன்று. தேனீ என்பதே குளவிக் குலத்திலிருந்து வந்ததுதான். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, மண்ணில் வளை தோண்டி வேட்டையாடிய குளவிகளில் ஒரு கிளை, பிள்ளைக்கு இறைச்சிக்குப் பதிலாக மகரந்தம் ஊட்டத் தொடங்கிற்று. அக்கிளையின் வழித்தோன்றல்களே இன்றைய தேனீக்கள் அனைத்தும், மலைத்தேனீ உட்பட. சுருங்கச் சொன்னால், சைவத்துக்கு மாறிய குளவியே தேனீ! இறந்துபோன அந்தப் பூச்சிகளின் மயிரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். தேனீயின் மயிர் பறவை இறகுபோல் கிளைத்திருக்கிறது. மகரந்தம் அதில் சிக்கிக்கொள்ளும். குளவியின் மயிர் கிளையில்லாத வெறும் இழை. இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு ஒன்றைத் தெய்வமாகவும் மற்றொன்றைப் பேயாகவும் ஆக்கிவிட்டோமே என்று அன்றுதான் தோன்றியது.

குளவியைப் பற்றி நம் முன்னோர் கண்டது குறைவன்று. வேட்டுவன் என்றே அதற்கு ஒரு பெயர் தமிழில் உண்டு. எத்துணைப் பொருத்தமான பெயர்! ஆனால் அடுத்த படியில் தவறிவிட்டார்கள். குளவி புழுவைத் தூக்கி வந்து கூட்டில் வைத்துக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்கிவிடுகிறது என்று இன்றும் ஊரில் சொல்கிறார்கள். உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி, வேறெப்படி நினைப்பார்கள்? புழுவின்மேல் ஒட்டியிருந்த முட்டையைக் கண்டவர் இல்லை. கொட்டுப்பட்ட புழு குளவியாவதில்லை, குளவிக்கு உணவாகிறது. நான் ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னபோதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லியே பிரம்பை எடுப்பார்கள். கொட்டினால்தான் குளவியாவாயாம்! அந்தக் கணக்கில் நான் எப்போதோ பறந்திருக்க வேண்டும்.

அறிஞர் உலகிலும் ஓரவஞ்சனை உண்டோ என்று சில வேளை ஐயம் வருகிறது. 1973-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு மூவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் கார்ல் ஃபான் ஃபிரிஷ். தேனீ தன் தோழியருக்குப் பூவின் திசையை நடனத்தால் அறிவிக்கிறது என்று கண்டவர். அவர் பெயர் நம் பாடநூலில் இருக்கிறது, தேர்விலும் வருகிறது. இன்னொருவர் கான்ராட் லாரன்ஸ். மூன்றாமவர் டச்சு நாட்டு நிகோ டின்பெர்கன். அவர் இளைஞராக இருந்தபோது, நெதர்லாந்தின் ஹுல்ஸ்ஹார்ஸ்ட் மணல்வெளியில் உட்கார்ந்து பார்த்தது எதைத் தெரியுமா? மண்ணில் வளை தோண்டும் ஒரு தனிக் குளவியை! தன் வளையை அது எப்படி அடையாளம் கண்டு திரும்புகிறது என்பது அவர் கேள்வி. குளவி உள்ளே இருக்கும்போது வளையைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக அடுக்கினார். குளவி வெளியே வந்து, வட்டமிட்டுப் பார்த்துவிட்டுப் பறந்தது. அது திரும்புமுன் காய்களின் வட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். வந்த குளவி வளையை விட்டுவிட்டு, காய்களின் நடுவே வெறுந்தரையில் இறங்கித் தேடியது. இடத்தைச் சுற்றியுள்ள குறிகளை நினைவில் கொள்கிறது என்பது தெளிவாயிற்று. இந்த ஆய்வை 1932-இல் வெளியிட்டார். இதற்குக் கருவியாகத் தேவைப்பட்டது பைன் காய்களும் பொறுமையுந்தான். நம் தரையிலும் செய்யலாம், வேப்பங்கொட்டை போதும்.

அந்தக் குளவியின் இரை என்ன என்பதை மறைக்க விரும்பவில்லை. அது வேட்டையாடுவது தேனீக்களை, அதுவும் தேன் தரும் தேனீக்களை. தேனீ ஓநாய் என்றே ஐரோப்பாவில் அதற்குப் பெயர். ஆகவே குளவிகளை நல்லவை என்று நிறுவ நான் வரவில்லை. வெட்டுக்கிளியைப் பிடித்தால் உழவனின் நண்பன், தேனீயைப் பிடித்தால் பகைவன் என்று பட்டியல் போடுவது நம் வசதிக்கு நாம் செய்துகொண்டது. குளவிக்கு இரண்டும் பிள்ளைச் சோறு.

தேனீயின் பயனைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அது எங்கள் வீட்டுக் கதை.

எங்கள் பழைய வீடு மண்சுவர். தெற்குச் சுவரில் எப்போதும் துளைகள் இருக்கும். வயிற்றில் நீலப் பட்டைகள் மின்ன, நின்ற இடத்திலேயே பறக்கும் ஒரு பூச்சி அவற்றைக் குடைந்துகொண்டிருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா செம்மண்ணும் சாணியும் குழைத்து எல்லாத் துளைகளையும் அடைப்பார். திங்களன்று மறுபடி குடைந்திருக்கும். எனக்கு விவரம் தெரிந்த நாள்முதல் அந்தப் போர் நடந்தது. இரண்டாண்டுக்கு முன் அரசுத் திட்டத்தில் செங்கல் வீடு கட்டினோம். பழைய சுவர் இடிக்கப்பட்டது. மழைக்கு ஒழுகாத வீட்டில் படுப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது ஒழுகும் வீட்டில் பாடநூலைத் தகரப்பெட்டியில் பூட்டி வைத்துப் படித்தவர்களுக்குத் தெரியும். ஆகையால் மண்சுவர் வேண்டும் என்று நான் பாடப்போவதில்லை. ஆனால் அந்த நீலவரித் தேனீயின் பெயர் அமெகில்லா என்பதையும், அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் இந்த ஆண்டுதான் அறிந்தேன்.

அப்பா குத்தகை நிலத்தில் அரை ஏக்கர் கத்தரி வைக்கிறார். கத்தரிப் பூவின் மகரந்தப்பை மற்றப் பூக்களைப்போல் வெடித்துத் திறப்பதில்லை. உப்புக்குப்பிபோல நுனியில் சிறு துளைதான் இருக்கும். தக்காளியிலும் ஏறத்தாழ அப்படித்தான். அமெகில்லா பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறக்கைத் தசைகளை மட்டும் விர்ரென்று அதிர வைக்கிறது. அந்த அதிர்வில் மகரந்தம் துளைவழியே கொட்டுகிறது. பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கத்தரி தானாகவும் காய்க்கும் என்பது உண்மை. அதிர்வு கிடைத்த பூ நன்றாகக் காய்க்கும் என்பதும் உண்மை. காயில் துளைக்கும் புழுவுக்காக அப்பா அடிக்கடி மருந்து அடிக்கிறார். அந்த மருந்துக்கு எது புழு, எது தேனீ என்று பார்க்கத் தெரியாது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். “இத்தன நாளா நான் அடைச்சது அதையா?” என்று சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஏண்டி, பொட்டப் பூச்சிதான் தோண்டுது, பொட்டப் பூச்சிதான் சோறு தேடுதுங்கிற. ஆம்பளப் பூச்சி என்னடி பண்ணுது?” என்று கேட்டார். ஆண் தேனீக்கள் பொழுது சாய்ந்ததும் ஒரு குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தொங்கித் தூங்கும் என்றேன். அம்மா சிரித்த சிரிப்பில் திண்ணையில் இருந்த அப்பா எழுந்து போய்விட்டார்.

இனி, கொட்டுமே என்னும் அச்சத்துக்கு வருகிறேன். ஆண்களுக்குக் கொடுக்கே கிடையாது. தேனீயானாலும் குளவியானாலும் பெண்ணுக்குத்தான் உண்டு. அந்தப் பெண்ணும் கையால் பிடித்தாலோ மிதித்தாலோ கொட்டும். வழியில் போகிறவரைத் துரத்தாது. காரணம் இருக்கிறது. தேனடையில் ஆயிரக்கணக்கான வேலைக்காரிகள் உண்டு. பத்து செத்தாலும் கூடு நிற்கும். தனித் தாய் செத்தால் அறை பாதியில் நின்றுவிடும். அவளுக்குப் பதில் ஆள் இல்லை. போர் செய்ய அவளுக்குக் கட்டாது. ஓராண்டாக அந்தப் படியில் உட்கார்ந்த நான் ஒருமுறைகூடக் கொட்டுப்படவில்லை. கதண்டு வேறு. அது கூட்டமாக வாழ்வது. தரையடியிலும் கூடு வைப்பதுண்டு. கொட்டி உயிர்போன செய்திகளை நாம் படிக்கிறோம். ஒரே துளையில் பல பூச்சிகள் போவதும் வருவதுமாக இருந்தால் விலகி நின்று தீயணைப்புத் துறையினரை அழைப்பதே அறிவு. ஒரு துளைக்கு ஒரு பூச்சி என்றால் அஞ்ச வேண்டியதில்லை. இந்த ஓர் அடையாளத்தை நாங்கள் அறிந்திருந்தால் அந்த மனு எழுதப்பட்டிராது.

இப்போது அந்தத் தரைக்கு வேறோர் ஆபத்து வந்திருக்கிறது. வரும் கோடை விடுமுறையில் அங்கே பேவர் பிளாக் பதிக்கப் போகிறார்களாம். சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்தாயிற்று. மழையில் அந்த வழி சேறாகிறது என்பது உண்மை. சென்ற நவம்பரில் என் வகுப்புத் தோழி வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியதை நானே பார்த்தேன். பாதை வேண்டாம் என்று நான் சொன்னால் அவள் என்னை மன்னிக்க மாட்டாள். ஆனால் 6 அடி அகலமும் எதற்கு? துளைகளை நான் தாளில் குறித்து வைத்திருக்கிறேன். ஏறத்தாழ எல்லாம் கட்டடச் சுவரை ஒட்டிய 3 அடிக்குள் இருக்கின்றன. கொட்டகைப் பக்கம் 3 அடிக்குக் கல் பதித்தால் சைக்கிளும் போகும், ஆளும் போகலாம். மறுபக்கத்தை வெறுமனே விட்டுவிட வேண்டும். அழகுக்காகப் புல்லும் வேண்டாம்; பூந்தொட்டியும் வேண்டாம். வெற்று மண்ணாக இருப்பதுதான் அதன் பயன்.

மண்தரையை யாராவது இப்படிப் பாதுகாப்பார்களா என்று நகைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வாலா வாலா என்ற பகுதியில் குதிரைமசால் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அதன் பூ, தேனீ அமர்ந்ததும் விசைபோல் தெறித்து அதன் தலையில் அடிக்கும். பெட்டித் தேனீ அடிக்குப் பயந்து பக்கவாட்டில் தேனைத் திருடக் கற்றுக்கொண்டுவிடுகிறது. அடியைப் பொருட்படுத்தாமல் வேலை செய்வது மண்ணில் வாழும் ஒரு தேனீ. அதுவும் நோமியா இனமே. நம் தரையில் உள்ளதற்கு ஒன்றுவிட்ட உறவு. அங்குள்ள உழவர்கள் விளைநிலத்துக்கு நடுவே வெற்றுத் தரையை ஒதுக்கி, மேலே உப்பிட்டு, அடியில் நீர் பாய்ச்சி, தேனீக்கென்றே பல பத்தாண்டுகளாகக் காத்து வருகிறார்கள். தேனீ பறக்கும் பருவத்தில் அவ்வழியே செல்லும் வண்டிகள் மணிக்கு 20 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று சாலையில் பலகை வைத்திருக்கிறார்கள். நான் நீர் பாய்ச்சச் சொல்லவில்லை, பலகையும் கேட்கவில்லை. மூன்றடி அகலத்துக்குச் சும்மா விடச் சொல்கிறேன்.

அதிலும் ஒரு நிபந்தனை. ‘தேனீ மட்டும் இருக்கட்டும், குளவியை அகற்றுங்கள்’ என்று சிலர் சமரசம் பேசுகிறார்கள். மருந்துத் தூளுக்கு அந்த வேறுபாடு தெரியாது என்பதைச் சென்ற ஜூலையில் பார்த்தோம். தெரிந்தாலும் நான் ஒப்பமாட்டேன். அந்த நான்கு குளவிகளில் ஒன்றின் வளையருகே, இழுத்து முடிக்காத வெட்டுக்கிளி ஒன்று கிடந்தது. மூன்றாம் நாளும் அதன் கொம்பு லேசாக அசைந்தது. பிறகு எறும்பு வந்துவிட்டது.

இந்தக் கருத்துகளை ஒரு மனுவாக எழுதித் துறை அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். இதுவரை 14 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்களில் 5 பேர் சென்ற ஆண்டு மனுவிலும் கையெழுத்திட்டவர்கள். மணிக்கட்டு பிசகிய தோழியும் போட்டிருக்கிறாள், இடக்கையால் அல்ல. போட விரும்புகிறவர்கள் முதலில் தரையை வந்து பாருங்கள். காலை ஒன்பது மணிக்குமேல் வெயில் தரையில் விழுந்தபின் வரவேண்டும்; மேகம் மூடியிருந்தால் எதுவும் வெளியே வராது. படியின் இடப்பக்கம் உட்காருங்கள். வலப்பக்கம் உட்கார்ந்தால் உங்கள் நிழல் வளைகளின்மேல் விழும். நான் கட்டியிருக்கும் சணல் கயிற்றைத் தாண்டாதீர்கள். துளையின் வாயில் ஒரு சிறு முகம் தெரிந்தால், அது உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் அசையாமல் இருந்தால் ஒரு நிமிடத்தில் வெளியே வரும்.